கட்டு: வட்டி நோட்டும் மடிக்கணினியும்

1

அம்மாவிடம் ஒரு நோட்டு இருந்தது. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டைக் குறுக்கே வெட்டிய பாதி. பக்கத்துக்குப் பத்துக் கட்டம். கட்டத்துக்குள் தேதி, தொகை, தண்டல்காரர் கிறுக்கிய கையெழுத்து. மேலே ஆயிரம் ரூபாய் என்று எழுதியிருக்கும். கையில் வந்தது தொள்ளாயிரம். வாரம் நூறு வீதம் பத்து வாரம் கட்டி முடித்தால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போடுவார். அடுத்த பக்கத்தில் அடுத்த ஆயிரம் தொடங்கும். பின்னால் அது ஐயாயிரமாயிற்று, பத்தாயிரமாயிற்று. கட்டங்கள் மட்டும் பத்துதான்.

சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு மடிக்கணினி வாங்கினேன். திறந்து பார்த்தால் நான் கேட்காத ஏழெட்டு மென்பொருள்கள் உள்ளே குடியிருந்தன. முப்பது நாள் இலவசம், அப்புறம் பணம் கட்டு என்று மிரட்டுகிற வைரஸ் தடுப்பான் ஒன்று. ஒருநாளும் விளையாடப்போகாத விளையாட்டுகள். நீக்கினால் மறுபடி முளைக்கிற ஏதோ ஒரு கருவி. இயங்குதளம் வேண்டாம், அதன் விலையைக் கழித்துக்கொடுங்கள் என்று கேட்டால் கடைக்காரர் சிரித்தார். நான் விடவில்லை. கடைக்கு எழுதினேன், கம்பெனிக்கு எழுதினேன், நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு மனுவும் தயாரித்தேன். ராத்திரி உட்கார்ந்து சட்டப் பிரிவுகளை எடுத்து எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்: "எய்யா, வேண்டாத சாமானை உன் தலையில கட்டிட்டான்னு நீ நாலு கடுதாசி எழுதுத. என் தலையில கட்டினதை நான் எவங்கிட்ட எழுத?"

பதில் சொல்லத் தெரியவில்லை. என் நஷ்டம் சில ஆயிரம் ரூபாய். அதைச் சொல்ல ஒரு மொழி இருந்தது, படிவம் இருந்தது, ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் வழக்குப் போட ஒரு மன்றம் இருந்தது. முப்பது வருஷம் வட்டி கட்டியவளுக்கு நோட்டு மட்டும்தான் இருந்தது. எது அநியாயம் என்று பெயர்பெறுகிறது, எது விதி என்று பெயர்பெறுகிறது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடிப் போகிறது. அம்மா பயன்படுத்திய வினைச்சொல்லையே கையில் பிடித்துக்கொண்டு போகிறேன். வட்டியைக் கட்டுகிறோம். மூட்டையைக் கட்டுகிறோம். மாட்டைக் கட்டுகிறோம். வேண்டாததைத் தலையில் கட்டுகிறார்கள்.

2

முதலில் நோட்டின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆயிரத்துக்கு நூறு பிடித்தம் என்றால் காதில் பத்து விழுக்காடு மாதிரிக் கேட்கிறது. உண்மையில் முதல் வாரமே நூறு திரும்பிப் போய்விடுகிறது. அடுத்த வாரம் இன்னொரு நூறு. பத்து வாரமும் அம்மாவின் கையில் 900 ரூபாய் இருக்கவில்லை. சராசரி பார்த்தால் 510 ரூபாய்தான் கடனாக நின்றது. அதற்குப் பத்து வாரத்தில் நூறு ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் இது நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. இதே தந்திரத்தை நாகரிகமான இடங்களிலும் பார்க்கலாம். 'வெறும் 12 விழுக்காடு, நிலையான வட்டி' என்று விளம்பரம் செய்யப்படும் ஓராண்டுத் தவணைக் கடனில், அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு அசலுக்கே கணக்கிடப்படுகிறது. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது 21 விழுக்காட்டைத் தாண்டும். விலையை மறைப்பதுதான் இந்த வியாபாரத்தின் முதல் வேலை. அமெரிக்காவில் 1968இல் வந்த கடன் உண்மைச் சட்டம், எல்லாச் செலவையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரே எண்ணில் சொல்லியாக வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. கடன் வாங்கும் ஏழைக்கு அப்படி ஒரு எண்ணைக் காட்டும் பேச்சு இங்கே பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தொடங்கியது.

இனி சொற்கள். தமிழ்நாட்டு அரசு 2003இல் அதீத வட்டி வசூலிப்பதைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் சொல்விளக்கப் பகுதியில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற சொற்கள் தமிழ் ஒலியோடேயே இடம்பெற்றிருக்கின்றன. சட்ட ஆங்கிலத்தால் மொழிபெயர்க்க முடியாமல் போன சொற்கள் அவை. சந்தையும் சாக்கடையோரமும் உற்பத்தி செய்த சொற்கள் அரசின் பிரதிக்குள் நுழைந்ததைத் தமிழ் படித்தவன் என்ற முறையில் நான் கொஞ்சம் ஆச்சரியத்தோடுதான் வாசித்தேன்.

சங்க இலக்கியத்தில் 'கந்து' யானையைக் கட்டும் தறி. வரித் தவணையைக் குறிக்கும் 'கந்தாயம்' என்ற சொல்லும் உண்டு. கந்து வட்டியின் வேர் இவற்றில் எது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வேர்ச்சொல் விளையாட்டில் நமக்கு ஏற்கெனவே போதுமான அனுபவம் இருக்கிறது. ஆனால் 'தண்டல்' விஷயத்தில் ஐயமில்லை. தண்டுதல் என்றால் வசூலித்தல். சோழர் காலக் கல்வெட்டுகளில் அது அரசிறை வசூலிப்பது. அரசனின் சொல் தெருமுனை வட்டிக்காரரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கலெக்டர் என்ற பதவிப் பெயருக்கும் நேர்ப்பொருள் வசூலிப்பவர்தான். 2017 அக்டோபர் 23 திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரண்டு சிறு பெண்குழந்தைகளோடும் தீயில் எரிந்துபோனார். கந்து வட்டிக் கொடுமை என்று ஏற்கெனவே பலமுறை மனுக் கொடுத்தவர்கள் அவர்கள். சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சொற்கள் சட்டத்துக்குள் போய்விட்டன, மனுக்கள் போகவில்லை.

3

வட்டியைப் பற்றிய பழைய பிரதிகள் என்ன சொல்கின்றன? இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் பணத்தை நியாயமான வட்டி என்கிறது. வணிகக் கடனுக்கு ஐந்து, காட்டுவழி போகிறவர்களுக்குப் பத்து, கடல்வழி போகிறவர்களுக்கு இருபது என்று ஏற்றிக்கொண்டே போகிறது. ஆபத்து கூடினால் வட்டி கூடும் என்ற தர்க்கம். மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் வேறு கணக்குப் போடுகிறது. வருண வரிசைப்படி மாதம் நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிராமணனுக்கு இரண்டு, சூத்திரனுக்கு ஐந்து. இந்த வரிசைக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு என்ன வட்டி என்று அங்கே கேள்வியே எழவில்லை.

இன்றைக்குப் பொருளாதார நிபுணர்கள் கௌடில்யரின் மொழியில் பேசுகிறார்கள். ஏழைக்குக் கொடுக்கும் கடனில் ஆபத்து அதிகம், அதனால் வட்டி அதிகம் என்கிறார்கள். ஆனால் நடைமுறையைப் பார்த்தால் மனுவின் கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலமும் பத்திரமும் ஜாமீன்தாரரும் யாரிடம் இருக்கின்றன? பரம்பரையாகச் சேர்த்துவைக்க யாருக்கு அனுமதி இருந்தது? ஜாமீன் இல்லாதவருக்கு வட்டி அதிகம் என்று சொல்லிவிட்டால் சாதியின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அந்த மௌனம் ரொம்பச் சௌகரியமான மௌனம்.

பழைய தர்மசாஸ்திரத்தில் ஒரு வரம்பும் இருந்தது. வாங்கும் வட்டி அசலைத் தாண்டக் கூடாது. அதாவது கொடுத்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஒரே சமயத்தில் கேட்க முடியாது. தாம்துபட் என்று பெயர். வெள்ளைக்காரன் ஆட்சியில் பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரத்திலும் நீதிமன்றங்கள் இந்த வரம்பை ஏற்றுக்கொண்டன. சென்னை மாகாணத்தில் அது செல்லவில்லை. 1855இல் வட்டி வரம்புச் சட்டங்கள் நீக்கப்பட்டன. இருவர் கையெழுத்துப் போட்டு எந்த வட்டிக்கு ஒப்புக்கொண்டாலும் அது ஒப்பந்தம், அதை நிறைவேற்றிக் கொடுப்பது நீதிமன்றத்தின் கடமை என்ற தாராளவாதம் இங்கே இறக்குமதியாயிற்று. கைநாட்டு வைத்தவனும் கைநாட்டு வாங்கியவனும் சமமான இரு தன்னிலைகள் என்பது அந்தப் பிரதியின் புனைவு.

அந்தப் புனைவுக்கு 1875இல் தக்காணத்து விவசாயிகள் பதில் சொன்னார்கள். பூனா, அகமதுநகர் மாவட்டங்களில் வட்டிக்காரர்களின் வீடுகளுக்குள் புகுந்து அவர்கள் முதலில் கேட்டது பத்திரங்களை. கேட்டு வாங்கி எரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தாம். ஆனால் அதிகாரம் எந்தத் தாளில் தங்கியிருக்கிறது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது.

நம் பக்கத்தில் அதுபோன்ற ஒரு வரம்பு 1938இல்தான் வந்தது. ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், பழைய கடன்களுக்கு அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் அசலோடு சேர்ந்து தீர்ந்தது என்றது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் 'விவசாயி' யார்? நிலத்தில் ஏதோ ஒருவித உரிமை உள்ளவர். நிலமில்லாமல் நாள்முழுக்கச் சேற்றில் நிற்கிறவர் விவசாயி இல்லை. மனுவின் வரிசைக்கு வெளியே நின்றவர்கள் 1938இன் வரையறைக்கும் வெளியே நின்றார்கள்.

4

வெளியே நின்றவர்களின் கடன் எப்படி இருந்தது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை அவரவர் கிராமங்களுக்கு அனுப்பி எடுத்த ஆய்வு 1918இல் நூலாக வந்தது. அதில் படியாட்களைப் பற்றிய விவரங்கள் உண்டு. கல்யாணச் செலவுக்குச் சிறு தொகை வாங்கியவர். அதற்கு ஈடாகத் தன் உழைப்பையே கொடுத்தவர். கடன் தீராமல் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. இந்தக் கடனில் வட்டி விகிதம் எவ்வளவு என்று கேட்டால் பதில் கிடையாது. வட்டி பணமாகக் கணக்கிடப்படவே இல்லை. கடனோடு ஆளைக் கட்டியாகிவிட்டது.

இங்கேதான் என் வாதம் இருக்கிறது. கந்து வட்டி பற்றிய நம் பேச்செல்லாம் விகிதத்தைச் சுற்றியே வருகிறது: மாதம் பத்தா, இருபதா என்று. விகிதம் முக்கியம்தான். ஆனால் அதைவிடப் பழைய கேள்வி ஒன்று உண்டு. கடனோடு சேர்த்து வேறு எதைக் கட்டிக் கொடுக்கிறார்கள்? படியாளுக்கு உழைப்பைக் கட்டினார்கள். சிறு விவசாயிக்கு விளைச்சலைக் கட்டினார்கள். முன்பணம் கொடுத்த கமிஷன் மண்டியிலேயே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். செங்கல் சூளையிலும் விசைத்தறியிலும் 'அட்வான்ஸ்' என்ற பெயரில் இடம்விட்டு இடம் போகும் உரிமையைக் கட்டினார்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இதை ஒரு வகையில் கண்டுகொண்டது. கடனுக்கு ஈடாக உழைப்பைக் கட்டுவது செல்லாது, அந்தக் கடனும் செல்லாது என்றது. வட்டி அதிகமா குறைவா என்று அது கேட்கவில்லை, கட்டையே அறுத்தது. நம்முடைய கடன் சட்டங்களில் தத்துவ ரீதியாக ஆகத் துணிச்சலான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். சூளைகளிலிருந்து இன்றும் ஆட்கள் மீட்கப்படுகிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வட்டிக்காரன் மேல் வருகிற கோபம் சுலபமாகத் தடம் மாறிவிடும். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. 1937-38இல் அது 25 விழுக்காடு. இழந்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அது இந்தியர்கள் அனைவர்மீதுமான வெறுப்பாகத் திரும்பியபோது துறைமுகக் கூலிகளும் அதில் அடிபட்டார்கள். செட்டியார்களுக்குப் பின்னாலிருந்த பிரிட்டிஷ் வங்கிகளும் லண்டன் அரிசிச் சந்தையும் கோபத்தின் கண்ணில் படவே இல்லை. இங்கே இன்று 'சேட்டு' என்று ஒரு சமூகத்தைச் சுட்டிப் பேசுகிற நண்பர்கள் இதை யோசிக்கட்டும். அடகுக்கடைப் பலகையில் இருக்கிற பெயரைத் திட்டிவிட்டால் அந்தக் கடைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி தப்பித்துக்கொள்கிறது.

5

மாற்று முயற்சிகள் நடக்கவில்லையா? நடந்தன. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். அதே ஆண்டில் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நுகர்வோர் கடையாகத் தொடங்கப்பட்டது. கடனாளியும் நுகர்வோரும் ஒரே காலத்தில், ஒரே தத்துவத்தின்கீழ் சிந்திக்கப்பட்ட ஒரு சின்னத் தருணம் அது. அப்புறம் பாதைகள் பிரிந்துவிட்டன. 1951-52இல் எடுத்த அகில இந்தியக் கிராமக் கடன் கணக்கெடுப்பு உண்மையைப் போட்டு உடைத்தது. கிராமத்தவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு சுமார் 3 விழுக்காடு, வணிக வங்கிகளின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் கீழே, வட்டிக்காரர்களின் பங்கு ஏறத்தாழ 70. 1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயமாயின. கிராமங்களுக்கு வங்கிக் கிளைகள் வந்தன. வட்டிக்காரரின் பங்கு குறைந்தது. 1991க்குப் பின் காற்று திசை மாறியது. லாபம் தராத கிளை, வாராக் கடன் என்ற புதிய சொல்லாடலில் ஏழை மறுபடியும் 'ஆபத்து' ஆனார்.

அந்த இடைவெளியில்தான் குழுக்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் சேமிப்பிலிருந்து புறப்பட்டவை. பெண்கள் ஒன்றுகூடி உட்கார்ந்து கணக்குப் பார்த்த அந்த அனுபவத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே வட்டத்தில் பிறகு வந்து உட்கார்ந்தது லாப நோக்குள்ள சிறுகடன் நிறுவனம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டில் ஜாமீன் என்னவாயிற்று? தோழமை ஜாமீனாயிற்று. கடனோடு கட்டப்பட்டது பக்கத்து வீட்டுக்காரியின் முகம்.

2010 ஆகஸ்டில் எஸ்கேஎஸ் என்ற சிறுகடன் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இரண்டே மாதத்தில், அக்டோபரில், தற்கொலைச் செய்திகளுக்கு நடுவே ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டு வசூலைக் கட்டுப்படுத்தியது. 2011 ஜனவரியில் மாலேகம் குழு 24 விழுக்காட்டு வட்டி வரம்பைப் பரிந்துரைத்தது. கொடுத்த கடனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திரும்பிவருகிறது என்று பெருமையடித்துக்கொண்டவையும் இந்த நிறுவனங்கள்தாம். ஆபத்து அதிகம், அதனால் வட்டி அதிகம் என்றவையும் இவைதாம். இரண்டும் ஒன்றாக எப்படி உண்மையாகும்? சிறு தொகையை வீடுவீடாகப் போய் வசூலிக்கிற செலவு அதிகம் என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. அப்படியானால் அதைச் செலவு என்றே சொல்ல வேண்டும், ஆபத்து என்று ஏழையின் தலையில் போடக் கூடாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆந்திராவில் சிறுகடன் நின்றபோது பழைய வட்டிக்காரரின் வாசலுக்கே திரும்பிப் போனவர்கள் உண்டு. தடை மட்டும் போதாது என்பது அந்த அனுபவம்.

2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி சிறுகடனுக்கான வட்டி வரம்பை எடுத்துவிட்டது. கூடவே சில காப்புகளையும் வைத்தது: குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, கடனல்லாத பிற பொருள்களைக் கடனாளியின் முழுச் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும், அதன் கட்டணத்தைக் கடன் அட்டையிலேயே எழுத வேண்டும். இந்தக் கடைசி விதி ஏன் தேவைப்பட்டது? எங்கள் தெருவில் குழுக் கடன் வாங்கிய சித்தியைக் கேட்டால் தெரியும். காப்பீடு என்று ஒரு தொகை பிடித்தார்கள். எதற்குக் காப்பீடு, யாருக்கு வரும், எப்படிக் கேட்பது என்று ஒன்றும் தெரியாது. "அது எல்லாருக்கும் பிடிக்கிறதுதான்க்கா" என்றானாம் வந்த பையன். என் மடிக்கணினியில் வைரஸ் தடுப்பான் உட்கார்ந்திருந்த மாதிரி சித்தியின் கடனில் காப்பீடு உட்கார்ந்திருந்தது.

6

ஒன்றை வாங்க வந்தவரிடம் இன்னொன்றைச் சேர்த்து விற்பது புதிய நோய் அல்ல. 1969ஆம் ஆண்டின் ஏகபோக வணிகக் கட்டுப்பாட்டுச் சட்டமே இதைத் தடைக்குரிய வணிகமுறைகளில் ஒன்றாக வைத்தது. சமையல் எரிவாயு இணைப்பு வேண்டுமா, அடுப்பையும் எங்களிடமே வாங்கு என்று சொல்லப்பட்டதை ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கும். யூரியாவுக்குப் போனால் வேறு உரத்தையும் சேர்த்துத் தூக்கு என்பதும், ரேஷன் கடையில் உப்பும் தேயிலையும் எடுத்தால்தான் அரிசி என்று முணுமுணுக்கப்படுவதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. தட்டுப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே கட்டு வரும். வேறு இடத்தில் கிடைக்காது என்ற நிலைதான் விற்பவரின் கயிறு.

மென்பொருள் உலகில் நடந்ததும் இதே கதை, பெரிய அளவில். 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. விண்டோஸோடு தன் இணைய உலாவியைக் கட்டிக் கொடுத்துப் போட்டியை ஒழிக்கிறது என்பது குற்றச்சாட்டு. 2000இல் கம்பெனியை இரண்டாக உடைக்க உத்தரவாயிற்று. 2001இல் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தானது, ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவு மட்டும் நின்றது. 2004இல் ஐரோப்பிய ஆணையம், இசை-காணொளி மென்பொருளைக் கட்டி விற்றது உள்ளிட்ட காரணங்களுக்காக 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தொடர்பாகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது; கைப்பேசி தயாரிப்பவர் கூகுளின் செயலிகளை மொத்தமாக ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் அதில் ஒரு முக்கியக் காரணம். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அபராதத்தை உறுதிசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வியாபாரத்தின் பதின்மூன்று சூழ்ச்சிகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. நாம் கேட்காத பொருளைக் கூடையில் நழுவவிடுவது அவற்றில் ஒன்று.

எல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால் கவனியுங்கள்: கட்டி விற்பது குற்றம் என்று உலகம் முழுக்க இத்தனை தெளிவாகச் சொல்லப்பட்டது எங்கே? போட்டியாளரான இன்னொரு கம்பெனி நஷ்டப்பட்ட இடத்தில். நம் நுகர்வோர் சட்டத்தின் சொல்விளக்கத்தைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டமானாலும் 2019ஆம் ஆண்டுச் சட்டமானாலும், இலவசமாகச் செய்யப்படும் சேவை 'சேவை' அல்ல. காசு கொடுத்தவரே நுகர்வோர். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அந்த வரிசையில் நிற்கிறவர் அரிசியைப் பொறுத்தவரை எதையும் வாங்கவே இல்லை. தலையில் கட்டப்பட்ட உப்புப் பொட்டலத்துக்குத்தான் அவர் நுகர்வோராகிறார்! 'நுகர்வோர்' என்ற அழகான செந்தமிழ்ச் சொல்லுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்? ரசீது உள்ளவர், படிவம் நிரப்பத் தெரிந்தவர், ஒரு கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போக முடிந்தவர். அதாவது நான். அம்மா அதில் இல்லை. 1938இல் நிலம் இல்லாதவர் விவசாயி ஆகாததுபோலவே இதுவும்.

7

இரண்டு கதைகளும் ஒன்றாகச் சேர்ந்த இடம் கைப்பேசி. 2020 முதல் கடன் செயலிகளின் கொடுமை வெளியே வந்தது. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021இல் சுமார் 1,100 கடன் செயலிகளைக் கணக்கெடுத்ததில் 600 சட்டவிரோதமானவை. ஐயாயிரம் கேட்டால் பிடித்தம் போக மூவாயிரத்துச் சொச்சம் வரும். ஒரே வாரத்தில் ஐயாயிரத்தைத் திருப்ப வேண்டும். அம்மாவின் நோட்டுத்தான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது. ஆனால் கடனோடு கட்டப்பட்டது புதியது: செயலியை இறக்கும்போதே கைப்பேசியிலுள்ள எல்லாப் பெயர்களையும் எண்களையும் படங்களையும் அது எடுத்துக்கொண்டது.

ஒருநாள் எனக்கும் ஒரு அழைப்பு வந்தது. தூரத்து உறவில் தம்பி முறையாகிற ஒருவன் பெயரைச் சொல்லி, அவன் திருடன், நீ ஜாமீன், பணத்தைக் கட்டு என்றது ஒரு குரல். அடுத்து அவன் படத்தை அசிங்கமாக ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அது போயிருந்தது. நான் உடனே அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன். எதற்கு வம்பு என்று ஒரு நினைப்பு. அந்த இரண்டு நாள் தயக்கத்தை நம்பித்தான் அந்தத் தொழில் நடக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அவன் உயிரோடு இருக்கிறான். அது என்னால் அல்ல.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகள் வகுத்தது. கடன் செயலி தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது. எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேண்டாம் என்று திருப்பிக்கொடுக்க அவகாசம் தர வேண்டும். 2025இல் தமிழ்நாட்டிலும் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக ஒரு சட்டம் நிறைவேறியது. இவற்றின் மொழியைக் கூர்ந்து வாசித்தால் விகிதத்திலிருந்து கட்டுக்குப் பார்வை நகர்ந்திருப்பது தெரிகிறது. உறவை ஜாமீனாக்காதே, மானத்தை அடகாக்காதே என்று சட்டம் முதன்முறையாகத் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கியிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? இயக்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கந்து வட்டிக்கு எதிரான கூட்டத்தை ஒரு பக்கமும் நுகர்வோர் மன்றத்தை இன்னொரு பக்கமும் நடத்திக்கொண்டிருக்கிறோம். முன்னது ஏழைகளின் சோகமாகவும் பின்னது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்காகவும் பார்க்கப்படுகிறது. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். தெருவில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டையும் விரித்து மூன்று கேள்வி கேட்கலாம்: கையில் வந்தது எவ்வளவு, ஆண்டுக்கு வட்டி எத்தனை விழுக்காடு, கூடவே கட்டப்பட்டது என்ன? இந்தக் கணக்கைப் போட எம்.ஏ. தேவையில்லை. தக்காணத்தில் பத்திரத்தைத் தேடிப் போனவர்கள் அளவுக்காவது நாமும் தாளை வாசிக்கக் கற்க வேண்டும். வங்கியும் கூட்டுறவும் அந்தத் தெருவுக்கு வந்தாக வேண்டும் என்று கேட்பதும் இதோடு சேர்ந்ததுதான். இல்லாவிட்டால் நோட்டைக் கிழித்த மறுநாள் காலையில் அவசரத்துக்கு எங்கே போவது?

அம்மா இறந்து பதினாறாம் நாள் முடிந்த பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஆறு கட்டம் நிரம்பியிருந்தது, நான்கு காலி. தண்டல்காரர் வந்தார். பணம் கேட்கவில்லை. "ஆச்சி ஒரு வாரம்கூடத் தவறினதில்லை தம்பி" என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டப்படி அவர் வாங்குவது குற்றம், அந்தச் சட்டத்தின் பிரிவுகளை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். உள்ளே போய் நான்கு வாரப் பணத்தையும் எடுத்துவந்து கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டை வாங்கிப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டார்.

ஏன் கட்டினேன் என்று இப்போதும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் வாக்குக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த வாக்கு, அந்த மானம் - அவர் தொள்ளாயிரத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தது அதைத்தானே.